லெதர் செற்றி வைத்திருக்கும் திருகோணமலைக்காரர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

உவர்மலை:
மாரியில் லெதருக்குப் பூஞ்சணம் வரும், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு மனம் ஆறாதது வேறு. அண்ணா வெளிநாடு போகும்போது விட்டுப்போன செற்றி, தேன் நிறம், மேற்பூச்சு இல்லாத தோல். கார்த்திகை விளக்கீட்டுக்கு வந்த மாமி சாய்வுப் பக்கத்தில் வெள்ளை வட்டங்களைக் கண்டுவிட்டார். நான் தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வர, உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "பாரன் பிள்ளை, எப்படி மினுங்குது!" மினுங்கியதுதான். விடிந்து பார்த்தால் ஐந்து விரலும் தெரிய ஒரு கறுத்த கை அடையாளம். இன்றைக்கும் போகவில்லை. மாமி வந்தால் அதன்மேல்தான் சாய்ந்திருப்பார்!

நிலாவெளி:
உங்களுடையது தோலாவது. எங்களுக்கு "ஒறிஜினல் லெதர்" என்று விற்றது ரெக்சின், தோல் மாதிரிப் பூச்சுப் போட்ட துணி. அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்து, பேசி முடித்து எழும்புகிறார்கள். பெரியவரின் வெள்ளை வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கறுப்புச் செதில். அவர் படலை தாண்டும்வரை வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. (சம்பந்தம் சரிவந்தது.) கடைக்காரரிடம் கேட்டால், "கடற்காற்று தங்கச்சி, நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்.

பாலையூற்று:
நிலாவெளி, அவர் சொன்னது பாதிதான் உண்மை. ரெக்சினின் மேல்படலம் பொலியுரித்தேன் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் காற்றின் ஈரமே அதை உள்ளுக்குள் சிதைக்கும். உரியத் தொடங்கினால் எந்தக் கிறீமும் ஒட்டவைக்காது. துணி மாற்றுவதுதான் வழி.

உவர்மலை, மாமியில் பிழை சொல்லி என்ன? சுவரோடு ஒட்டிப் போட்டால் காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சணம் வரத்தான் செய்யும். நான் விருந்தினர் விடுதியில் வேலை செய்தவன். சன் கிறீம் பூசிய முதுகோடு லெதர் கதிரையில் சாய்ந்தவர்கள் விட்டுப்போன கறையெல்லாம் பார்த்திருக்கிறேன். முதலில் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல், உருண்டு நின்றால் பூச்சுள்ளது. பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது, பரவும். விறாந்தைக்குத் தூக்கிப்போய் உலர்ந்த மெல்லிய பிறஷால் தட்டுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைக்கலாம். பூச்சில்லாததில் நிறம் போகக்கூடும், ஒரு மூலையில் சோதித்துவிட்டே தொடவேண்டும். ஃபேன் காற்றில் காயவிடுங்கள், வெய்யிலில் அல்ல. நன்றாகக் காய்ந்த பிறகு லெதர் கண்டிஷனர் (தோல் வறண்டு வெடிக்காமல் காக்கும் கிறீம்), மிக மெல்லிசாக. சவர்க்காரம் வேண்டாம். தோல் இலேசான அமிலத்தன்மை உள்ளது, சவர்க்காரம் காரம். பேபி வைப்ஸால் நாளும் துடைத்தால் மேற்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும்.

உவர்மலை:
தம்பி, செற்றி நடு ஹோலில் கிடக்கிறது. எந்தச் சுவர்?

சாம்பல்தீவு:
எல்லோரும் மாரியையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சானை மறந்துவிட்டீர்களா? மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு எங்களிடம் வெறும் சூடாக வரும் காற்று அது. அப்பாவின் லெதர் கதிரை மேற்குப் பக்க யன்னலடியில். பின்னேர வெய்யிலும் கச்சானும் சேர்ந்து கைப்பிடியை வெடிக்கவைத்துவிட்டன. நகர்த்தலாம் என்றால், "காத்து வாற இடம் இதுதான்" என்பார். பேப்பர் வாசித்துக்கொண்டே அந்த வெடிப்புக்குள் நகத்தை விட்டுவிட்டு எடுப்பார், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அகலும். பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, சொல்லவும் ஏலாது.

பாலையூற்று:
யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். கண்டிஷனர் கச்சானுக்கு முன்பே பூசவேண்டும், வெடித்த பிறகு பூசி என்ன பயன்?

சாம்பல்தீவு:
திரை போட்டால் காற்று வராதாம்.

நிலாவெளி:
அந்த அற்ககோலைப் பார்மசியில் கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தருகிறார்கள். அது சரியா?

பாலையூற்று:
லேபிளைப் பாருங்கள். சிலதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம். உங்களுக்கு எதற்கு, உங்களுடையது ரெக்சின்தானே?

நிலாவெளி:
அத்தான் வீட்டில் அசல் லெதர் இருக்கிறது.