வீடு மாறிய பின் உறங்க மறுக்கும் நான்கு வயது மகள்

கேள்வி:
தண்டையார்பேட்டையில் மாமியாருடன் ஒரே வீட்டில் இருந்த நாங்கள், மூன்று வாரங்களுக்கு முன் விம்கோ நகர் அருகே மூன்றாம் மாடிக்குக் குடிவந்தோம். பால் காய்ச்சிய அன்று துள்ளிக் குதித்த என் நான்கு வயது மகள், இருட்டியதும் "நம்ம வீட்டுக்கு எப்போ போவோம்?" என்று கேட்டாள், இன்றும் அதே கேள்விதான். ஓராண்டாக நின்றிருந்த படுக்கை நனைக்கும் பழக்கமும் திரும்பிவிட்டது. ஏழு வயது மகன் ஒன்றும் கேட்பதில்லை, பழகிவிட்டான் போலும். ஆயாவிடம் அழைத்துச் சென்றால் ஏக்கம் கூடுமோ என்று இதுவரை போகவில்லை. நான் செய்வது சரியா?

மறுமொழி 1:
சகோதரி, மழலையர் வகுப்பு ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன். மனம் கலங்கும்போது சிறு பிள்ளைகள் கடந்துவந்த பழக்கத்துக்குத் திரும்புவது இயல்பு. அதற்காகத் திட்டவோ, பிறர் முன் பேசவோ வேண்டாம். பழைய போர்வையும் தலையணையும் சில நாள் அப்படியே இருக்கட்டும். குளியல், சோறு, கதை, தூக்கம் என்ற வரிசையும் மாறவேண்டாம். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல், அளவு மீறிய தாகம் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், வீடு மாறியதுதான் காரணம் என்று இருந்துவிடாமல், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுமொழி 2:
போகாமல் இருப்பது தவறு என்பது என் கருத்து. ஆயா வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் பிள்ளைக்கு நிம்மதி வரும். 2021 முதல் உங்கள் பகுதிக்கு மெட்ரோ ஓடுகிறதே! நாங்கள் திருவொற்றியூருக்கு வந்த புதிதில், தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் மகளைச் சொல்லவைத்தே அழைத்துச் செல்வோம்; எவ்வளவு தொலைவு என்பது அவளுக்குப் பிடிபட்டபின் அழுகை குறைந்தது. ஆனால், திரும்பும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூங்கும்போது தூக்கி வந்துவிடாதீர்கள். நாங்கள் ஒருமுறை அப்படிச் செய்து, இரண்டு நாள் பட்டோம்.

மறுமொழி 3:
எனக்கு உங்கள் மகனைப் பற்றித்தான் கவலை. எதுவும் கேட்காத பிள்ளை பழகிவிட்டான் என்று கொள்ள முடியாது. அங்கே எதை விட்டு வந்தான் என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள், அம்மா.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தெருவில் மாலைதோறும் ஆடும் கேரமில் தன் இடத்தில் இப்போது யார் உட்கார்கிறார்கள் என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கே போய்ச் சேருவதாகச் சொல்லியிருக்கிறேன்.