ரொதொதக்துலொஸ்: விடியல் பெண்ணென்றால் ‘-ஒஸ்’ ஏன்?

பால்வாளி (சுங்கை சிப்புட்):
வணக்கம். ஞாயிறு பசியாறலுக்குப் பிறகு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பழங்கிரேக்கக் கவி ஹோமரின் வாசிப்பு. விடியலுக்கு அவர் தரும் அடைமொழியான ‘ரொதொதக்துலொஸ்’ஸை ‘ரோஜாவிரல்’ என்று கையேட்டில் போட்டிருக்கிறேன். விடியலான ‘ஏஓஸ்’ பெண் தெய்வம். அடைமொழி ஏன் ஆண்பால் ‘-ஒஸ்’? ‘-ஏ’ என்று திருத்தலாமா? எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) பிள்ளைகள் என்ன தொகை என்று கேட்டால்?

ஒட்டுக்கடை:
கை வைக்காதீர்கள், அது சரிதான். ‘அழகிய’ போன்ற தனிப் பெயரடைக்கு மூன்று வடிவம்: கலொஸ் (ஆண்), கலே (பெண்), கலொன் (இரண்டுமல்லாத மூன்றாம்பால்). கூட்டுப் பெயரடைக்குப் பெரும்பாலும் இரண்டே. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ‘-ஒஸ்’, மூன்றாம்பாலுக்கு ‘-ஒன்’. விலக்கும் உண்டு, ‘சாவில்லாதவள்’ ஹோமரிடம் ‘அதனதே’ என்று வரும்.

கட்டுமானம்: ரொதொன் (ரோஜா) தன் ஈற்று ‘-ன்’ இழந்து ‘ரொதொ-’ ஆகி, தக்துலொஸ் (விரல்) சேர்கிறது. இரண்டாம் சொல் உயிரில் தொடங்கினால் நடு ஒகரம் கெடும், நம் குற்றியலுகரம் போல. ஃபிலொ, ஹிப்பொஸ் (‘ஹ்’ அங்கே வெறும் மூச்சொலி) சேர்ந்து ஃபிலிப்பொஸ், குதிரைப் பிரியன்.

குறில் நெடில் தவறவிடாதீர்கள். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு அவர்களுக்கும் உண்டு. ஆங்கிலம் வழி வந்த ‘இயோஸ்’ வேண்டாம்.

பிரட்டுமணி:
அன்மொழித்தொகை. ‘ரோஜா போன்ற விரல்’ என்பதோடு நின்றால் உவமைத்தொகை. அந்த விரலை உடையவளைச் சுட்டும்போதுதான் அன்மொழி. ‘கயல்விழி வந்தாள்’ மாதிரி. ஆனால் கயல்விழி தனியே ஆளைக் குறிக்கும், இது ஏஓஸுக்கு அடையாக நிற்கும். வெறும் ‘ரோஜாவிரல் விடியல்’ மொட்டையாக இருக்கிறது. ‘ரோஜாவிரலாள் விடியல்’ என்று போடுங்கள்.

குறுந்தொகை 167-இன் ‘காந்தள் மெல்விரல்’ நினைவுக்கு வரும், ஆசையாகவும் இருக்கும். வேண்டாம். காந்தள் வந்தால் குறிஞ்சி நிலமும் கூடவே வந்துவிடும்.

இன்னொன்று: இது விடியலுக்கே உரிய பட்டமல்ல. கிரேக்கப் பெண் கவி சாஃபோ இதையே, தன் வட்டார வழக்கில் ‘ப்ரொதொதக்துலொஸ்’ என்று, நிலவுக்குச் சூட்டினாள்.

ஒட்டுக்கடை:
விட்டுப்போனது, ஏற்றக்குறி. சில கூட்டுச்சொற்களில் பொருளே அதில்தான். ‘மேத்ரொக்தொனொஸ்’: ஈற்றயல் அசையான ‘தொ’வில் குரல் ஏறினால் தாயைக் கொன்றவன், ஓர் அசை முன்னே, ‘ரொக்’கில் ஏறினால் தாயால் கொல்லப்பட்டவன். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. விடியல் சொல்லில் அந்தக் குழப்பம் இல்லை என்றாலும் ஏற்றம் ‘தக்’ மேல். உரக்கப் படிப்பவருக்காகக் கையேட்டில் அதன்மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.