இடைக்கால வெல்ஷ் உரைநடையில் எழுவாய் ஏன் முதலில் வருகிறது?

நெய்தல் கேட்டது:

வணக்கம். சில காலமாக இன்றைய வெல்ஷ் மொழியைக் கைபேசிச் செயலி வழியாகப் படித்து வருகிறேன். மாபினோகி என்னும் இடைக்கால வெல்ஷ் கதைகளை மூலத்திலேயே வாசிக்க விரும்பி, 'கிளை' எனப்படும் அதன் பகுதிகளில் முதலாவதான முதற்கிளையைத் திறந்தேன். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். வினைமுற்று முதலிலும் எழுவாய் அதன் பின்னரும் வரும் என்றே கற்றிருக்கிறேன். இங்கோ பூய்ல் என்னும் தலைவனின் பெயர் முதலில் நிற்கிறது; அடுத்து 'அ' என்றோர் இடைச்சொல்; அதன் பிறகே 'இருந்தான்' என்ற வினை வருகிறது. இன்றைய வழக்குப்படி இதைப் 'பூய்ல்தான் இருந்தான், வேறெவனும் அல்லன்' என்று அழுத்தித்தான் வாசிக்க வேண்டும். கதையின் தொடக்கத்தில் அத்தகைய அழுத்தம் எதற்கு? மேலும், பாதிச் சொற்கள் அகராதியில் கிடைக்கவே இல்லை. எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்றும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஏட்டுப்பிரியன்:

அங்கே அழுத்தம் ஏதும் இல்லை. அக்கால உரைநடையில் எழுவாயோ செயப்படுபொருளோ முன்னே வர, 'அ' நின்று, பிறகு வினை வருவதே இயல்பான நடை. இலக்கண நூல்கள் இதற்கு 'இயல்புக்கு மாறான தொடர்' என்று பெயரிட்டிருப்பது இன்றைய மொழியை அளவுகோலாகக் கொண்டதால்தான். அக்கதைகளை எழுதியவர்கள் இப்பெயரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

உண்மையான அழுத்தத் தொடரும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். வேறுபாட்டை வினையின் விகுதி காட்டும். 'நான் கண்டேன்' என்று வெறுமனே கூறும்போது 'மி அ வெலெய்ஸ்' என வினை தன்மை ஒருமையில் எழுவாயோடு இயைந்து நிற்கும். 'கண்டது நானே' என்று வற்புறுத்தும்போது எழுவாய் எதுவாயினும் வினை படர்க்கை ஒருமையிலேயே நிற்கும். பூய்ல் வாக்கியத்தில் எழுவாயே படர்க்கை ஒருமை என்பதால் விகுதி உங்களுக்குக் கைகொடுக்கவில்லை. அத்தகைய இடங்களில் சூழலைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். எதிர்மறையில் நீங்கள் கற்ற வரிசை பெரும்பாலும் திரும்பி வரும்: 'நி' என்ற சொல்லை அடுத்து வினை முன்னே நிற்கும்.

தும்பை:

அகராதிச் சிக்கலுக்குக் காரணம் சொல்லின் முதலெழுத்துத் திரிபு. மேலே நண்பர் காட்டிய 'வெலெய்ஸ்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அ' முன்னால் நிற்பதால் அதன் தலையில் இருந்த 'ஜி' (g) எழுத்து மறைந்துவிட்டது; அகராதியில் அதை 'ஜி' வரிசையில்தான் தேட வேண்டும்.

இத்திரிபை வெறும் ஒலி மாற்றமாக எண்ணிவிடாதீர்கள்; பொருளே அதில்தான் இருக்கிறது. அக்காலச் சுவடிகளில் 'அவனுடைய', 'அவளுடைய' என்ற இரண்டையுமே 'ஒய்' (y) என்ற ஒற்றை எழுத்தால் எழுதினார்கள்; அதை 'இ' என்று வாசிக்க வேண்டும். தாய்க்கு 'மம்' என்று பெயர். 'இ வம்' என்றால் அவனுடைய தாய்; 'இ மம்' என்றால் அவளுடைய தாய். நம் புணர்ச்சியில் நிலைமொழியின் ஈறு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். வெல்ஷிலோ அந்த ஈறுகள் மிகப் பழங்காலத்திலேயே தேய்ந்துவிட்டன: 'அவனுடைய' என்பதன் மூதாதைச் சொல் உயிரொலியில் முடிந்தது, 'அவளுடைய' என்பதன் மூதாதை சகர ஒலியில் முடிந்தது, அவை போன பின்னும் அடுத்த சொல்லின் முகப்பில் தடம் மட்டும் தங்கிவிட்டது. தொல்லை என்னவென்றால், எழுத்தர்கள் எல்லாத் திரிபையும் எழுதிக் காட்டவில்லை. 'டி' (d) என்ற எழுத்து திரிந்த ஒலிக்கும் திரியாத ஒலிக்கும் பொதுவாக வரும்.

கரிசல்:

நூலைப் பொறுத்தவரை, டி. சைமன் எவன்ஸ் எழுதி 1964இல் டப்ளினில் வெளியான இலக்கணமே இன்றும் துணை. ஆனால் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க முற்படாதீர்கள். அது தேடிப் பார்ப்பதற்கான நூல். ஆர். எல். தாம்சன் பதிப்பித்த முதற்கிளையை (டப்ளின், 1957) கையில் எடுங்கள். குறிப்புகளும் சொற்பட்டியலும் இருப்பதால், ஒவ்வொரு வடிவத்தையும் அங்கே கண்டு, விளக்கத்திற்கு மட்டும் எவன்ஸிடம் செல்லலாம். வேல்ஸ் பல்கலைக்கழக அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

செயலியில் கற்ற பேச்சு வெல்ஷ் உங்களுக்குச் சொல்வளம் தரும். வினைக்கு அவ்வளவாக உதவாது என்பது என் கருத்து. இன்று இறந்தகாலப் படர்க்கை ஒருமைக்குப் பெரும்பாலும் 'ஒத்' என்ற ஒரே விகுதி. அன்று 'அஸ்', 'எஸ்', 'இஸ்', 'விஸ்' எனப் பல இருந்தன. எது எந்த வினையோடு சேரும் என்பதை அட்டவணையில் மனப்பாடம் செய்வதைவிட, கதையில் எதிர்ப்படும்போது ஏட்டில் குறித்துக்கொள்வதே நல்லது.