டி.பி. இருக்கும் அப்பா ரயிலில் போக அரசு பர்மிட் வாங்க வேண்டுமா?

கூறைநாடு மகள்:
எல்லோருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது. சளிப் பரிசோதனையில் நுரையீரல் டி.பி. என்று தெரிந்து அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை ஆரம்பித்து இன்றோடு 19 நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் பாதிக்குப் பாதி குறைந்து ராத்திரி தூங்குகிறார். கோயம்புத்தூரில் தங்கை குழந்தைக்கு அடுத்த மாதம் காதுகுத்து. எங்களுக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது, அதனால் தாய்மாமன் இடத்தில் அப்பா மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது என்று தங்கை ஒரே பிடியாக இருக்கிறாள். தெருவில் ஒருவர், "தொற்று வியாதி இருந்தா ரயில்ல ஏற கலெக்டர் ஆபீஸ்ல பர்மிட் வாங்கணும், கொரோனாவுல இ-பாஸ் வாங்கின மாதிரி, இல்லன்னா டி.டி.இ. நடுவழியில இறக்கி விட்டுடுவார்" என்று அப்பா காதுபடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா திண்ணைக்கே வருவதில்லை, மாத்திரை அட்டையை அலமாரிக்குள் ஒளித்து வைக்கச் சொல்கிறார். அப்படி ஒரு பர்மிட் உண்டா? எங்கே வாங்குவது?

களப்பணியாளர், திருவாரூர்:
அப்படி ஒன்று கிடையாது அம்மா. காசநோய்ப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன், ஊர் விட்டு ஊர் போக ஒருவருக்கும் கலெக்டர் ஆபீஸ் கடிதம் வாங்கிக் கொடுத்ததில்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. முதல் பரிசோதனையில் ரிபாம்பிசின் மருந்து அவருக்கு வேலை செய்யும் என்று வந்ததா? வந்திருந்து, மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்திலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனாலும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், முகக்கவசம் போடட்டும். வெளியூரில் தங்குவதாக இருந்தால் அரசு காசநோய்ப் பதிவில் அவருக்குக் கொடுத்த நிக்‌ஷய் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து அங்குள்ள அரசு மையத்திலேயே மாத்திரை வாங்கலாம். காசநோய் உதவிக்கு 1800-11-6666 இலவச எண், சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒன்று, இதுதான் எனக்கு உறுத்துகிறது. குழந்தைக்கு என்ன வயது? அப்பாவுக்கு நோய் தெரிவதற்கு முன்னால், இருமிக்கொண்டிருந்த நாளில், தங்கை குழந்தையோடு உங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாரா? மாத்திரை ஆரம்பிக்காத அந்த நாட்கள்தான் ஆபத்தானவை. 5 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை நெருங்கிப் பழகியிருந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும், நோய் இல்லை என்றாலும் தடுப்பு மருந்து கொடுப்போம். காதுகுத்தை விட அது அவசரம்.

பழைய கார்டு, திருச்சி:
ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தத் தெருக்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989 ரயில்வே சட்டத்தில் 56வது பிரிவு, விதிகளில் குறிப்பிட்ட தொற்று நோய் உள்ளவர் அதற்கென அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரின் அனுமதி இல்லாமல் வண்டியில் ஏறக்கூடாது என்கிறது. அனுமதி கொடுக்கும் ஊழியர் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து உட்கார வைக்க ஏற்பாடும் செய்ய வேண்டும். அனுமதி இல்லாமல் ஏறினால் டிக்கெட்டைப் பறிமுதல் செய்து இறக்கிவிடலாம். இதில் கலெக்டர் எங்கேயும் வரமாட்டார். என் சர்வீஸில் ஒரு டி.பி. நோயாளியைக் கூட இப்படி இறக்கியதாக நான் பார்க்கவில்லை. டி.பி.க்காரர் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போய்வர ரயில்வேயே 75 சதவீதம் கட்டணச் சலுகை கொடுக்கிறது, கூடப் போகும் ஒருவருக்கும் சேர்த்து. 2020 மார்ச்சில் சீனியர் சிட்டிசன் சலுகையை நிறுத்தியபோதும் நோயாளிகள் சலுகையை விட்டு வைத்தார்கள். ஏறவே கூடாது என்றால் சலுகை எதற்கு அம்மா? ஆனால் காதுகுத்துக்குப் போக அந்தச் சலுகை கேட்காதீர்கள், அது சிகிச்சைப் பயணத்துக்கு மட்டும்தான். இப்போது தொற்று இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் பையில் இருந்தால் போதும், அப்பாவுக்கும் தைரியமாக இருக்கும்.

நாகை கடற்கரை:
இ-பாஸோடு இதைச் சேர்த்துக் குழப்புகிறார்கள். அது நோயாளிக்குக் கொடுத்த பர்மிட்டே இல்லை, நல்லா இருந்தவர்களுக்குக் கொடுத்தது. கொரோனா உறுதியானவர் வாசலைத் தாண்டவே கூடாது என்பதுதான் அன்றைய விதி. 2020 ஜூனில் நாகை, திருவாரூர், தஞ்சை, திருச்சி எல்லாம் ஒரே மண்டலம், உள்ளுக்குள் பாஸ் வேண்டாம், கொள்ளிடம் பாலம் தாண்டி கடலூர் பக்கம் போனால் வேண்டும். சிதம்பரத்தில் இறந்த பெரியம்மாவைப் பார்க்கப் பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்றவன் நான். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இருந்த அந்தப் பாஸையும் செப்டம்பர் 1ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போனவர், அவரிடம் கேட்டதும் அம்மை குத்திய சான்றிதழ்தான். அக்கா, அப்பாவைத் திண்ணைக்கு வரச் சொல்லுங்கள். வெயிலும் காற்றும் படும் இடம்தான் அவருக்கும் நல்லது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நல்லது. வியாதியை ஒளிக்க ஆரம்பித்தால் ஒரு நாள் மாத்திரையும் நின்றுபோகும், எங்கள் தெருவில் அப்படி ஒருவரை இழந்திருக்கிறோம்.

கூறைநாடு மகள்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. களப்பணியாளர் ஐயா கேட்டதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. குழந்தைக்கு ஒன்றேகால் வயது. நோய் தெரிவதற்கு முந்தின மாதம் தங்கை 10 நாள் இங்கேதான் இருந்தாள், குழந்தை முழு நேரமும் அப்பா தோளில்தான். நேற்றே தங்கையிடம் சொல்லி இன்று காலை கோவை அரசு ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள், எடை சரியாக இருக்கிறதாம், மீதியை நாளைக்குச் சொல்வார்கள். அப்பாவுக்கு ரிபாம்பிசின் வேலை செய்யும் என்றுதான் ரிப்போர்ட்டில் இருக்கிறது. இரண்டு மாதம் முடிந்து எடுக்கும் சளிப் பரிசோதனை வரட்டும் என்று காதுகுத்தைத் தள்ளி வைத்துவிட்டோம். 56வது பிரிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், "கலெக்டர் பேரே இல்லையே" என்று இரண்டு தடவை கேட்டார். குழந்தை ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.