எல்லையோரக் கரிசலில் இழுவை மாடுகளுக்கு மீண்டும் வேலை கொடுக்க முடியுமா?

வடகரப்பதி தோப்புக்காரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவே எங்கள் நிலம் இருக்கிறது. ஒரு பகுதி தென்னந்தோப்பு. மற்றது நிலக்கடலையும் சோளமும் மாற்றி மாற்றி விதைக்கும் கரிசல் காடு. கேரளத்தில் கரிசல் மண் என்று சொல்லத்தக்கது இந்த வட்டத்தில்தான் உண்டு என்பதால், நெல்லையும் ரப்பரையும் மனத்தில் வைத்து எழுதப்படும் அறிவுரைகள் எங்களுக்கு அதிகம் உதவுவதில்லை. அதனால்தான் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து நண்பர்களும் இருக்கும் இந்தக் களத்தில் கேட்கிறேன்.

மேலை நாடுகளில் அழிவின் விளிம்புக்குப் போன இழுவைக் குதிரை இனங்களுக்குத் திரும்பவும் வேலை கொடுக்கும் முயற்சிகளைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். இங்கிலாந்தின் சஃபோக் பஞ்ச் இனம் கனத்த களிமண்ணில் ஏர் இழுப்பதற்கென்றே உருவானது. சேறு ஒட்டக் கூடாது என்பதற்காகக் காலடியில் முடிக்கற்றை இல்லாதபடி தேர்ந்து வளர்த்திருக்கிறார்கள். டிராக்டர் வந்த பிறகு அது எவ்வளவு சரிந்தது என்றால், 1966-இல் பதிவான குட்டிகள் ஒன்பதே ஒன்பது. இன்று அதே போன்ற குதிரைகள் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் வரிசைகளுக்கு இடையே உழுகின்றன, பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் வெட்டிய மரத்தை இழுக்கின்றன, சில சிற்றூர்களில் குப்பை வண்டியும் இழுக்கின்றன.

என் கேள்வி இரண்டு. எங்கள் பக்கத்தில் குதிரையை இப்படி வேலைக்குப் பழக்குவது நடக்கிற காரியமா? நடக்காது என்றால், காங்கேயம் மாட்டு ஜோடி ஒன்றுக்குத் தீவனச் செலவையாவது ஈடுகட்டும் வேலை எது? பெருமைக்காகக் கட்டி வைக்க எனக்கு விருப்பமில்லை.

பொள்ளாச்சி ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

முதல் கேள்விக்கு என் விடை: வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

இந்தியாவில் பதிவுபெற்ற குதிரை இனங்களில் கனத்த இழுவை இனம் ஒன்றுகூட இல்லை. மார்வாரியும் கத்தியவாரியும் சவாரிக்கு உரியவை; ஸ்பிதியும் ஜன்ஸ்காரியும் மலைப்பாதையில் பொதி சுமக்கும் மட்டக் குதிரைகள். பழனி மலையடிவாரத்து ஜட்கா வண்டிகளில் நீங்கள் பார்ப்பவையும் ஆள் ஏற்றிச் செல்லத் தகுந்த சிறு உடல் கொண்டவைதாம். தத்தமங்கலம் அங்காடி வேல திருவிழாவில் ஓடும் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் ஓடும் குதிரை வேறு, இழுக்கும் குதிரை வேறு. ஐரோப்பாவின் பெர்ஷரோன், ஆர்டென் போன்றவை 700 முதல் 1,000 கிலோ வரை எடை கொண்டவை, குளிர்நாட்டில் உருவானவை. உடல் பெருக்கப் பெருக, எடையோடு ஒப்பிடும்போது வெப்பத்தை வெளியேற்றும் தோலின் பரப்பு குறைந்துகொண்டே போகும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டுக் கணவாயில் அவற்றை ஏரில் கட்டுவது வதையாகவே முடியும்.

தீவனமும் இடிக்கும். மாடு அசைபோடும் விலங்கு. சோளத்தட்டையும் கடலைக்கொடியையும் கொண்டே பெரும்பகுதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். குதிரைக்கு நார்ப்பொருள் பெருங்குடல் பகுதியில்தான் செரிக்கிறது என்பதால் அதே சோளத்தட்டிலிருந்து குறைவாகவே சத்தை எடுக்கும். வேலை செய்யும் நாளில் கொள்ளோ ஓட்ஸோ கட்டாயம் வைக்க வேண்டும். மேலும் நம் மாட்டின் திமிலுக்கு முன்னால் நுகத்தடி தானாக உட்காரும். குதிரைக்குத் திமில் கிடையாது. தோளைச் சுற்றிப் பொருந்தும் கழுத்துப்பட்டை ஒவ்வொரு விலங்குக்கும் அளவெடுத்துச் செய்தாக வேண்டும், அளவு தவறினால் புண் வைத்துவிடும். அதைச் செய்து கொடுக்கும் ஆள் உங்கள் ஊரிலும் இல்லை, என் ஊரிலும் இல்லை.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்தக் குதிரைகளின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. டிராக்டர் பரவிய பிறகு பிரான்சின் ஒன்பது இழுவை இனங்களும் பிழைத்ததற்கு முதற்காரணம் ஏரோ பாசமோ கிடையாது. குட்டிகளை இறைச்சிக்கு விற்க முடிந்ததால்தான் பண்ணையாளர்கள் பெட்டைக் குதிரைகளை வைத்திருந்தார்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான். அதற்கு ஒரு விலையும் இருந்தது: இறைச்சிக்காகத் தேர்ந்ததால் பல இனங்கள் மேலும் பருத்து, சுறுசுறுப்பை இழந்தன. இன்று வேலைக்குத் தேடுபவர்கள் இளைத்த, நடை விரைவான குதிரைகளை அந்த மந்தைகளுக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

காங்கேயத்திலும் கணக்கு இதே மாதிரியானது. அந்தப் பசு அதிகம் கறப்பதில்லை. வளர்த்தவருக்கு வருமானம் காளைக்கன்றை விற்றதில் வந்தது. வண்டிக்கும் ஏருக்கும், கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக்கும் தேவை இருந்தவரை மயிலைக் கன்றுக்கு நல்ல விலை கிடைத்தது. மோட்டார் பம்பு கவலையை ஒழித்தது, டிராக்டர் ஏரை ஒழித்தது, அதோடு கன்றின் விலையும் விழுந்தது. ஆகவே உங்கள் ஜோடிக்கு நீங்கள் வேலை கொடுத்தால், அதன் பயன் எங்கோ வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் பசு வைத்திருப்பவருக்கும் போய்ச் சேரும்.

கோவிந்தாபுரம் ரேக்ளா ஆர்வலர்:

டாக்டர் ஐயா ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தை ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2017-இல் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டத் திருத்தம் வந்து, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்ட பிறகு உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்தில் காங்கேயம் கன்றுகளுக்கு விலை ஏறியிருப்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். இனத்தைக் காப்பாற்றுவது பந்தயம்தான். ஏர் ஓட்ட ஆளே கிடைக்காத காலத்தில் அண்ணன் ஏன் பழைய வழியில் போக வேண்டும்?

மருத்துவர் மறுபடியும்:

தம்பி சொல்லும் விலையேற்றம் உண்மை. ஆனால் ரேக்ளா 200 மீட்டரும் 300 மீட்டரும் ஓடும் ஆட்டம். அதற்குத் தேர்ந்தெடுப்பது இலேசான உடலும் துடிப்பும் உள்ள இளங்காளைகளை. நாள் முழுக்க நிதானமாக இழுக்கிற, கனத்த எலும்பும் பொறுமையும் உள்ள எருது அந்தத் தேர்வில் கழிந்துபோகும். இறைச்சிச் சந்தை பிரெஞ்சுக் குதிரைக்குச் செய்ததை, எதிர்த் திசையில், பந்தயம் நம் மாட்டுக்குச் செய்யக்கூடும். அத்துடன் அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது. கேள்வி கேட்டவரோ எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

உடுமலை பட்டறைக்காரர்:

மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மாட்டுக்குப் பின்னால் கட்டும் கருவியைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் என் அனுபவத்தில் முயற்சிகள் முறிவது அங்கேதான்.

ழான் நோல் என்ற பிரெஞ்சுக்காரர் 1950-களில் ஆப்பிரிக்காவின் செனகலில் மாடு இழுக்கும் பல்பயன் கருவிச் சட்டங்களை வடிவமைத்தார். இரு சக்கரம், உட்கார ஓர் இருக்கை, அடியில் ஒரு குறுக்குச் சட்டம். அதில் கலப்பையையோ விதைப்பானையோ களைக்கத்தியையோ மாட்டிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் வண்டியாகவும் ஓட்டலாம். அவருடைய டிராபிகல்டர் என்ற கருவியைத்தான் ஹைதராபாதுக்கு அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எடுத்துக்கொண்டு, கரிசல் மண்ணில் 150 சென்டிமீட்டர் அகலப் பாத்தியும் சாலும் அமைக்கும் முறைக்குப் பயன்படுத்தியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் உலகெங்கும் செய்யப்பட்ட இத்தகைய சக்கரக் கருவிகளை ஆராய்ந்த பால் ஸ்டார்க்கி 1988-இல் எழுதிய முடிவு யோசிக்க வைப்பது: பத்தாயிரத்துக்கும் மேல் செய்து கொடுத்திருக்கிறார்கள், அவற்றுள் பெரும்பாலானவை கைவிடப்பட்டன அல்லது வெறும் வண்டியாக ஓடின. விலை அதிகம், எடை அதிகம், ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாற்றி மாட்டுவது தொல்லை. மானியம் நின்றதும் வாங்குவாரும் நின்றுவிட்டார்கள்.

இதே நோல் பின்னாளில் வடிவமைத்த கசீன் என்ற இலேசான சட்டத்தைப் பிரான்சில் ஒரு சங்கம் எடுத்துக்கொண்டு, சிறு காய்கறித் தோட்டக்காரர்களின் குதிரைக்கும் கழுதைக்கும் கட்டித் தருகிறது. உழவர்களே கூடிச் செய்கிறார்கள், பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்க மாட்டுக்காகத் தொடங்கிய சிந்தனை ஐரோப்பியக் குதிரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது; நடுவில் நம் கரிசலைத் தொட்டுவிட்டு நிற்காமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

வேலை எங்கே கிடைக்கும் என்றால், இயந்திரம் கெடுதல் செய்யும் இடத்தில் கிடைக்கும். போர்தோ பகுதியில் ஷாத்தோ போந்தே-கானே என்ற பெயர்பெற்ற திராட்சைத் தோட்டம் 2008 முதல் பிரெத்தோன் குதிரைகளைக் கட்டுவதற்குக் காரணம், ஒவ்வோர் ஆண்டும் ஒரே வரிசையில் ஓடும் டிராக்டரின் சக்கரம் மண்ணை இறுக்குவதுதான். குளம்பு மண்ணை அழுத்தாது என்று சொல்ல மாட்டேன்; கால் பதியும் இடத்தில் நன்றாகவே அழுத்தும். ஆனால் அந்த இடம் சிறிது, மொத்தப் பாரமும் குறைவு என்பதால் அழுத்தம் ஆழத்துக்கு இறங்குவதில்லை. மழைக்குப் பின் உங்கள் கரிசலில் டிராக்டரை இறக்கினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் சற்று வாங்கிய உடனே, டிராக்டர் இன்னும் உள்ளே போக முடியாத அந்தச் சில நாள் இடைவெளியில், நிலக்கடலை வரிசைகளுக்கு இடையே களைக்கத்தி இழுப்பதும், பூவிலிருந்து மண்ணுக்குள் விழுது இறங்குவதற்கு முன் மண் அணைப்பதும் மாட்டுக்கே உரிய வேலைகள். தோப்பில் ரோட்டவேட்டர் மரத்தடிக்கு நெருங்கினால், தண்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் தூரத்துக்குள் அடர்ந்திருக்கும் வேர்களை அறுக்கிறது. ஜோடி மாடு இழுக்கும், மண் கிளறும் சிறு பலுகு 25 அடி இடைவெளியில் தாராளமாகத் திரும்பும்.

மாடு தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விசையைத்தான் தொடர்ந்து இழுக்கும். இரண்டும் சேர்ந்து 900 கிலோ இருந்தால் 90 கிலோ விசை. கருவியை இந்தக் கணக்கில் செய்யுங்கள். டிராக்டர் கருவியைச் சிறிதாக்கி மாட்டுக்குக் கட்டினால் மாடு படுத்துவிடும்.

வடகரப்பதி தோப்புக்காரர்:

இருவருக்கும் நன்றி. குதிரை ஆசையை விட்டுவிடுகிறேன். களையும் மண் அணைப்பும் ஆண்டில் சில வாரங்கள்தாம். மற்ற நாள்களுக்கு என்ன செய்வது?

உடுமலை பட்டறைக்காரர்:

காய் வெட்டு. உங்கள் தோப்பில் 45 நாளுக்கு ஒரு முறை வெட்டுகிறீர்கள் என்றால், அக்கம்பக்கத்துத் தோப்புகளின் முறைகளைக் கோத்துக்கொண்டால் மாதத்தில் பெரும்பகுதி வண்டிக்கு வேலை இருக்கும். மரத்தடியிலிருந்து களம்வரை காயும் மட்டையும் கொண்டுவருவது குறுந்தூரம், அடிக்கடி நிறுத்த வேண்டிய வேலை. டெம்போ அதற்கு ஏற்றதில்லை. தூரம் கூடினால் டெம்போவே மேல், அங்கே போட்டியிட வேண்டாம். ஒன்று கவனியுங்கள்: சொட்டுநீர்க் குழாய்களைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருந்தால் வண்டித்தடம் போகும் இடங்களில் மட்டும் குழாயைப் புதைத்துவிடுங்கள்.

சிலர் மாட்டுச்செக்கில் தேங்காய் எண்ணெய் ஆட்டி நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதுவும் வேலைதான். நாள் முழுதும் ஒரே பக்கம் சுற்றுவது மாட்டுக்கு நல்லதா என்று டாக்டர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

மருத்துவர்:

ஒரே பக்கம் சுற்றினால் உட்பக்கத்துக் கால் மூட்டுகளில் பாரம் கூடும். மாட்டை மாற்றி மாற்றிக் கட்டுங்கள், தரையை மெத்தென்று வைத்திருங்கள். எந்த வேலையானாலும் இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் உங்களுக்கும் பொருந்தும்: ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளையின்றித் தொடர்ச்சியாக 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை கட்டவே கூடாது. உங்கள் ஊர்க் கோடையில் கடைசி விதி பல நாள்கள் பொருந்தும் என்பதால் காய் வெட்டையும் வண்டி வேலையையும் விடியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சித்திரையில் கண்ணபுரம் சந்தையிலோ ஆடியில் அந்தியூரிலோ மாடு பார்க்கலாம். பந்தயத்துக்குப் பழக்கிக் கழித்துவிட்ட காளையை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். அது வண்டியில் நிதானப்படுவது கடினம். ஏர் ஓட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். அவரை உடன் அழைத்துப் போய் வலத்தானையும் இடத்தானையும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்; உங்கள் பையன்களில் ஒருவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க அவருக்கு முறையான கூலியும் கொடுங்கள். மாட்டின் விலையோடு அந்தக் கூலியையும் முதலீட்டுக் கணக்கிலேயே எழுதுங்கள்.