அவசரம்: பூனையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், குவாரண்டைன் இல்லாமல் வழி உண்டா?

சிப்புட்_மாலா | வெள்ளி, இரவு
வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் மலேசியாவிலிருந்து வெளிநாட்டுக்கு வீடு மாறிப் போகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. எங்கள் பூனை ஓயேனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஊசியெல்லாம் போட்டிருக்கிறோம். ஏஜெண்ட் ஒருவரிடம் கேட்டேன். பெரிய தொகை சொல்கிறார், அதற்கு மேல் 30 நாள் குவாரண்டைன் (போய் இறங்கியதும் தனியாக அடைத்து வைத்துக் கண்காணிப்பது) கட்டாயம் என்கிறார். ஓயேன் தோட்டத்து வீட்டில் வளர்ந்தது, பகலெல்லாம் வாசலில்தான் கிடக்கும். 30 நாள் அடைத்து வைத்தால் சாப்பிடவே சாப்பிடாது. குவாரண்டைன் இல்லாமல் போக ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். அவசரம்.

தாப்பா_ரவி | வெள்ளி, இரவு
எந்த நாடு?

பாகான்_குமரன் | வெள்ளி, இரவு
எந்த நாடு? தோலுக்கடியில் அடையாளச் சிப் போட்டிருக்கிறதா? "ஊசியெல்லாம்" என்றால் எந்த ஊசி? வருடா வருடம் கிளினிக்கில் போடுவது பெரும்பாலும் பூனைக்காய்ச்சல், சளிக்கான ஊசி. ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி வேறு. நம் பக்கம் பல பூனைகளுக்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்கவே மாட்டார்கள். ஊசி அட்டையை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள் அக்கா.

பூனைவீடு_புஷ்பா | வெள்ளி, இரவு
லண்டன் என்றால் கவலையே வேண்டாம் மா. மலேசியா பிரிட்டன் ஏற்கிற நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சிப் முதலில், அதற்குப் பிறகு ரேபிஸ் ஊசி, 21 நாள் காத்திருப்பு, அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருந்தால் குவாரண்டைன் கிடையாது. ஆனால் மலேசியாவிலிருந்து போகும் நாய்க்கும் பூனைக்கும் மட்டும் நிப்பா (பன்றியிலிருந்து தொற்றக்கூடிய வைரஸ் நோய்) சான்றிதழ் தனியாகக் கேட்பார்கள். கடைசி 60 நாள் பன்றியோடு எந்தத் தொடர்பும் இருந்திருக்கக் கூடாது. புறப்படுவதற்கு முந்தைய 10 நாளுக்குள் இரத்தம் எடுத்து, நிப்பா இல்லை என்று வர வேண்டும். விமானச் சரக்காகப் பதிந்துதான் அனுப்ப முடியும், மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது.

ஆசான்_முத்து | சனி, காலை
இந்த இடத்தில் பல வருடமாக இருக்கிறேன். மாதம் ஒருவர் இப்படி வருகிறார். டிக்கெட் எடுத்த பிறகு பூனை ஞாபகம் வருகிறது. நாட்டின் பெயர் இல்லை, பூனையின் வயது இல்லை, ஊசித் தேதி இல்லை. முதலில் இங்கே உள்ள பழைய இழைகளைப் படியுங்கள். இவ்வளவு அடிப்படையான விஷயத்தைக்கூடத் தேடாமல் கேட்டால் யாரும் உதவ முடியாது.

தாப்பா_ரவி | சனி, காலை
ஐயா, அவர் பதற்றத்தில் இருக்கிறார். நாடு எது என்று சொல்லட்டும், அப்புறம் பேசலாம்.

சிப்புட்_மாலா | சனி, மதியம்
ஆஸ்திரேலியா. மெல்பர்ன். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே அங்கேதான் வேலையில் இருக்கிறார். ஓயேனுக்கு நான்கு வயது, சிப் இருக்கிறது. அட்டையில் ரேபிஸ் என்று எங்கும் இல்லை. இருந்தாலும் அடுத்த மாதம் போக முடியும்தானே?

மெல்பர்ன்_தேவி | சனி, மாலை
மாலா, நான் என் பூனையைக் கிள்ளானிலிருந்து இங்கே கொண்டு வந்தவள். அடுத்த மாதம் ஓயேன் வர முடியாது. காசு கொடுத்தாலும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆஸ்திரேலியா நாடுகளைக் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. தீபகற்ப மலேசியா மூன்றாம் குழு. அந்தக் குழுவிலிருந்து வரும் பூனைக்கு ரேபிஸ் ஊசி போட்டு, பிறகு இரத்தம் எடுத்து, உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு மில்லிக்கு 0.5 அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாளே இரத்தம் எடுத்தால் அளவு போதாது, மூன்று நான்கு வாரம் விட்டு எடுப்பதுதான் வழக்கம். அந்த இரத்தம் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 180 நாள் கழிந்த பிறகே பூனை விமானம் ஏறலாம்.

எதற்கு 180 நாள் என்று நானும் அப்போது கோபப்பட்டேன். பிறகுதான் விளங்கியது. ஊசிக்கு முன்பே பூனையை ஏதாவது கடித்துக் கிருமி உள்ளே போயிருந்தால், நல்ல இரத்த முடிவு வந்த பிறகும் நோய் வெளிப்படலாம். ரேபிஸ் உடலுக்குள் மாதக்கணக்கில் அடங்கியிருக்கக் கூடிய நோய். அந்தக் காலம் கடந்தும் பூனை நன்றாக இருந்தால்தான் நம்புவார்கள். தீபகற்பம் 2012-இல் ரேபிஸ் இல்லாத பகுதி என்று அறிவிக்கப்பட்டது, 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு பக்கம் திரும்பவும் வந்துவிட்டது. சரவாக்கில் 2017-இலிருந்து ஆட்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது உங்கள் 30 நாளுக்கு வருகிறேன். இதுதான் முக்கியம். 2023 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து விதி மாறிவிட்டது. இரத்தம் எடுப்பதற்கு முன்பே அரசாங்கக் கால்நடை மருத்துவர் சிப்பை ஸ்கேன் செய்து "இது இந்தப் பூனைதான்" என்று அடையாளச் சரிபார்ப்பு செய்திருந்தால் குவாரண்டைன் குறைந்தது 10 நாள். அது இல்லாவிட்டால் குறைந்தது 30 நாள். உங்கள் ஏஜெண்ட் 30 என்கிறார் என்றால் அந்தச் சரிபார்ப்பை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஓயேனுக்கு இன்னும் ரேபிஸ் ஊசியே போடாததால் எல்லாவற்றையும் ஒழுங்கான வரிசையில் செய்ய உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. சரிபார்ப்பு முதலில், அதற்குப் பின் ஊசி, அதற்குப் பின் இரத்தம். தயவு செய்து கிளினிக்கில் அவசரப்பட்டு இரத்தம் எடுத்துவிடாதீர்கள்.

அந்த 180 நாளும் ஓயேன் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கும், கூண்டில் இல்லை. கூண்டு வாசம் கடைசி 10 நாள் மட்டும்தான்.

பாகான்_குமரன் | சனி, மாலை
தேவி அக்கா சொன்னதோடு ஒன்று. சிப் ஐஎஸ்ஓ தரத்தில் உள்ளதா என்று கிளினிக்கில் ஸ்கேன் செய்து பாருங்கள். ஆய்வகச் சீட்டில், ஊசி அட்டையில், சான்றிதழில் எல்லாவற்றிலும் அதே எண் வர வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் சிக்கல்.

செகாமாட்_தம்பி | சனி, இரவு
மெல்பர்ன்தான் கடுமை. பெர்த்துக்குக் கொண்டு போங்கள், அங்கே லேசாக விட்டுவிடுவார்கள். என் பெரியம்மா மகன் பெர்த்தில்தான் பூனையை இறக்கினார்.

மெல்பர்ன்_தேவி | சனி, இரவு
தம்பி, அது பழைய கதை. பெர்த்திலும் சிட்னியிலும் இருந்த குவாரண்டைன் நிலையங்களை மூடிவிட்டார்கள். இப்போது நாட்டுக்கே ஒரே இடம், மெல்பர்னுக்கு வடக்கே மிக்கல்ஹாம். வெளிநாட்டுப் பூனை நேராக மெல்பர்னில்தான் இறங்க வேண்டும்.

செகாமாட்_தம்பி | சனி, இரவு
தூக்க மருந்து கொடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

பூனைவீடு_புஷ்பா | ஞாயிறு, காலை
அப்படிச் சொல்லாதே தம்பி, யாராவது நம்பிச் செய்துவிடுவார்கள். மயக்க மருந்து கொடுத்தால் உயரத்தில் இரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு திணறும், பூனை செத்தே போகலாம். பல விமான நிறுவனங்களே ஏற்பதில்லை. ஒளித்துக் கொண்டு போவதைப் பற்றி: 2015-இல் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு நாய்களைச் சொந்த விமானத்தில் சொல்லாமல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போனார்கள். திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று மந்திரியே சொன்னார், வழக்கு நீதிமன்றம் வரை போனது. அவருக்கே அந்த நிலை.

மாலா, ஓயேன் சாப்பிடாது என்று பயப்படுகிறீர்களே, அது நியாயமான பயம். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். இன்றைக்கே பயணக் கூண்டை வாங்குங்கள். நின்றால் தலை இடிக்கக் கூடாது, உள்ளேயே திரும்பிப் படுக்க வேண்டும். கதவைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, சோறு அதற்குள்ளேயே வையுங்கள். மாதக்கணக்கில் பழகினால் அது தூங்கவே அங்கே போகும். அப்படியே தட்டில் வைக்கும் டின் உணவையும் பழக்குங்கள். மீனும் சோறும் மட்டும் தின்று வளர்ந்த பூனை அங்கே கொடுப்பதை முகர்ந்துகூடப் பார்க்காது.

நெகிரி_செல்வம் | ஞாயிறு, மதியம்
நிப்பாவை யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவும் தீபகற்பத்துப் பூனைக்கு நிப்பா நிபந்தனை வைத்திருக்கிறது. தோட்டத்துப் பூனை என்றால் இதைக் கவனிக்க வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்குள் காட்டுப்பன்றி வராத நாள் உண்டா? ஓயேன் வெளியே சுற்றினால் "பன்றியோடு தொடர்பு இல்லை" என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?

தாப்பா_ரவி | ஞாயிறு, மதியம்
காட்டுப்பன்றிக்கும் பூனைக்கும் என்ன தொடர்பு அண்ணே? நிப்பா வந்தது பண்ணைப் பன்றியால்.

நெகிரி_செல்வம் | ஞாயிறு, மாலை
வந்தது வௌவாலால். நான் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக்குக்குப் பக்கத்தில் பிறந்தவன், அந்தக் காலத்தை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம், உங்கள் கிந்தாவில்தான் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பன்றிகளை விற்று லாரியில் ஏற்றி எங்கள் பக்கம் கொண்டு வந்தபோது நோயும் வந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே உண்மை தெரிந்தது. 105 பேர் போய்விட்டார்கள். பண்ணையில் வேலை செய்த நம் ஆட்களும் அதில் உண்டு. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் 1997 புகைமூட்டம். காடு எரிந்து வௌவால் பழம் தேடி ஊருக்குள் வந்தது.

ஆசான்_முத்து | ஞாயிறு, இரவு
புகைமூட்டக் கதையைப் பத்திரிகையில் படித்துவிட்டுப் பேசுகிறீர்கள். வௌவால் எப்போதும் இங்கேதான் இருந்தது. பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரம் நட்டார்கள். வௌவால் கடித்த பழம் கொட்டகைக்குள் விழுந்தது. ஆயிரக்கணக்கில் பன்றிகளை நெருக்கி வளர்த்ததால் நோய் அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன.

நெகிரி_செல்வம் | ஞாயிறு, இரவு
ஆய்வு செய்தவர்கள் எங்கள் ஊரில் பிணம் தூக்கவில்லை.

தாப்பா_ரவி | ஞாயிறு, இரவு
இரண்டு பேரும் கொஞ்சம் விடுங்கள். ஒரு பூனைக்காகத் தொடங்கிய இழை இது.

ஆசான்_முத்து | ஞாயிறு, இரவு
சரி, பூனைக்கே வருகிறேன். என்னைக் கேட்டால் அதைத் தோட்டத்திலேயே விட்டுவிடுங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, அது பிழைத்துக்கொள்ளும். ஏழெட்டு மாதம் அலைந்து, ஒரு சம்பளத்துக்கு மேல் செலவழித்துக் கொண்டு போகும் அளவுக்கு இது என்ன, அயல்நாட்டு இனமா?

பூனைவீடு_புஷ்பா | திங்கள், காலை
ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்துச் சொல்கிறேன். தோட்டத்தில் எலிக்கு விஷம் வைக்கிறார்கள். விஷம் தின்ற எலியைத் தின்று செத்த பூனைகளை நான் கையால் புதைத்திருக்கிறேன். ஆள் காலி செய்து போன லயத்து வீட்டு வாசலில் பூனைகள் மாதக்கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான்கு வருடம் நம் கையால் தின்ற பூனை அது. இனம் எதுவானால் என்ன? மாலா, உங்கள் அம்மா அல்லது கூடப்பிறந்தவர்கள் யாராவது அங்கே இருந்தால் நீங்கள் முன்னால் போங்கள், ஓயேன் பின்னால் வரட்டும்.

மெல்பர்ன்_தேவி | திங்கள், காலை
புஷ்பா அக்கா சொல்வதுதான் சரி. நீங்கள் கூடவே பறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பூனை சரக்காகத்தான் வரும். பார்த்துக்கொள்பவரிடம் மட்டும் இதை எழுதி ஒட்டிக் கொடுங்கள். ரேபிஸ் ஊசியின் காலம் இடையில் முடிந்துவிடக் கூடாது. இரத்த முடிவு, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும், அதற்குள் பறந்துவிட வேண்டும். இறக்குமதி அனுமதிக்கும் மிக்கல்ஹாமில் இடத்துக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். புறப்படும் சமயத்தில் உண்ணி, குடற்புழு மருந்துகளைக் குறித்த இடைவெளியில் கொடுத்துத் தேதியோடு பதிய வேண்டும், கடைசி ஐந்து நாளுக்குள் உடல் பரிசோதனை, கால்நடை இலாகாவின் சுகாதாரச் சான்றிதழ். நிப்பா இரத்தம் எடுக்கும் நாள் அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கும், அதன்படி செய்யுங்கள்.

செல்வம் அண்ணன் கேட்டது வீணான கேள்வி இல்லை. இப்போதிருந்தே ஓயேனை வீட்டுக்குள் வளர்க்கப் பழக்குங்கள். ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள். காட்டுப்பன்றி, வௌவால் கடித்த பழம், நாய்க்கடி என்று எந்தக் கேள்விக்கும் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

பாகான்_குமரன் | புதன், இரவு
மாலா அக்கா, என்ன ஆயிற்று?

ஆசான்_முத்து | வியாழன், காலை
கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வழக்கம்தான்.

சிப்புட்_மாலா | மூன்று வாரம் கழித்து
எல்லோருக்கும் நன்றி. ஈப்போவில் அடையாளச் சரிபார்ப்பு முடிந்தது, அதற்குப் பிறகு ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று. அடுத்தது இரத்தம். நான் முன்னால் போகிறேன், ஓயேன் அம்மாவிடம் இருக்கும். கூண்டுக்குள் சாப்பிடத் தொடங்கிவிட்டது. பெட்டி கட்டுகிற வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

மெல்பர்ன்_தேவி | அதே நாள்
இரத்தக் குழாயில் சிப் எண் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று அம்மாவைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கே வந்ததும் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள்.

பகாவ்_விஜி | இரண்டு மாதம் கழித்து
அக்கா, நானும் இதே நிலையில் இருக்கிறேன், எனக்கு இரண்டு பூனை. இரத்தத்தை எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள்? அங்கே ஏற்றுக்கொண்டார்களா?