புதுப்பிப்பு: அப்பாச்சி கேமலில் எல்லா ஆர்டரும் ‘அதர்வைஸ்’ பக்கமே போன சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: மென்பொருள்களுக்கிடையே மெசேஜ்களைக் கொண்டுபோகும் கேமலில், ஆர்டர் வகையை ஹெடரில் (மெசேஜோடு கூடவே போகும் குறிப்பு) வைத்து ‘சாய்ஸ்’ (நிபந்தனை பார்த்துப் பாதை பிரிக்கும் படி) மூலம் பிரிக்கிறேன், ஆனால் ஒரு மெசேஜ்கூட நிபந்தனைக்கான ‘வென்’ கிளைகளுக்குள் நுழையவில்லை, எல்லாம் எதற்கும் பொருந்தாதவை போகும் ‘அதர்வைஸ்’ வரிசையில் குவிகிறது என்று. ஒரு கிளையை முடித்து ‘சாய்ஸ்’-க்குத் திரும்பும் ‘எண்ட்சாய்ஸ்’ விடுபட்டிருக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். பார்த்தேன், அது சரியாகவே இருந்தது.

டிரேசிங்கை இயக்கி ஒவ்வொரு படியிலும் ஹெடர்களைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ‘சாய்ஸ்’-க்கு முன்னால் நாங்கள் எழுதிய ப்ராசஸர் (மெசேஜைக் கையாளும் சிறு நிரல்) ஒன்று ‘கெட்அவுட்’ என்ற அழைப்பின் மூலம் பாடியை (மெசேஜின் உள்ளடக்கத்தை) மாற்றிக்கொண்டிருந்தது. ‘கெட்அவுட்’டை அழைத்தாலே கேமல் புதிய, காலியான மெசேஜ் ஒன்றை உருவாக்கிவிடும். பழைய ஹெடர்கள் அதற்குத் தாமாக வந்து சேராது. அடுத்த படிக்குப் போவது அந்த வெறும் மெசேஜ்தான். என் லாக் வரி ப்ராசஸருக்கு முன்னால் இருந்ததால் ஹெடர் இருப்பதாகவே காட்டி, இரண்டு நாளைத் தின்றுவிட்டது. யூனிட் டெஸ்ட்டும் ‘சாய்ஸ்’ பகுதியை மட்டும் தனியாக ஓட்டியது, அதனால் பாஸ்.

‘கெட்அவுட்’டை எடுத்துவிட்டு, இருக்கும் மெசேஜையே தரும் ‘கெட்மெசேஜ்’ போட்டேன். ஒரே வரி மாற்றம், உடனே சரியாகப் பிரிந்தது. கேமல் 3-லிருந்து ‘கெட்அவுட்’ கைவிடப்பட்ட முறையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கம்பைலர் எச்சரிக்கையை நாங்கள் படித்திருக்க வேண்டும்.

ஒரு வேலை பாக்கி: ஏற்கெனவே குவிந்த மெசேஜ்களில் ஹெடரே இல்லை, திருப்பி அனுப்பினாலும் அதே இடத்துக்குத்தான் வரும். பாடியில் உள்ள ஜேசனிலிருந்து வகையை எடுத்து ஹெடராக வைக்கும் சிறிய ரூட் (மெசேஜ் கடந்து போகும் படிகளின் வரிசை) ஒன்றை இன்று எழுதுகிறேன். நேரம் ஒதுக்கிப் பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.